பாதித் திங்கள்

உடைந்த ஏரிக்கரையை ஒரு திங்களுக்குள் அடைக்காவிட்டால் ஊர் நிலமெல்லாம் அரண்மனைக்குச் சேரும் என்று அமாவாசையன்று ஆணை வந்தது. ஏழாம் நாள் மாலையே அரண்மனைப் பிரதானி பல்லக்கில் வந்து இறங்கினார்.

"ஆணையில் ஒரு திங்கள் என்றுதான் இருக்கிறது. இன்று திங்கட்கிழமை. கெடு முடிந்தது."

மண் சுமந்த வெள்ளச்சி கூடையை இறக்கினாள். "கிழமைக்கு அந்தப் பேரு எப்படிங்க வந்துச்சு?"

"திங்கள் என்றால் நிலவு."

"மாசத்தையும் திங்கள்னுதானே சொல்றாங்க?"

"அதுவும் நிலவால்தான். அது வளர்ந்து தேய்ந்து முடிந்தால் ஒரு திங்கள்" என்று பிரதானி தம் படிப்பைக் காட்டினார்.

வெள்ளச்சி வானத்தைக் காட்டினாள். அங்கே அரை நிலா நின்றது.

"இன்னும் வளர்ந்தே முடியலீங்களே. அது தேஞ்சு முடியட்டும், நாங்களும் கரையை முடிச்சுத் தாரோம்."

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் பிரதானி பல்லக்கில் ஏறினார்.

அடுத்த அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே கரை எழுந்தது. அதன்மேல் முதல் ஆளாக வெள்ளச்சி நிமிர்ந்து நடந்தாள்.