மரப்பாலத்தில் ஒரு வணக்கம்

ஐப்பசி அடைமழையில், ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, தூத்துக்குடியின் வீடியோ கேம் மையம் ஒன்றில் இது நடந்தது. அங்கே எல்லோரும் ஆடியது, பல கதைகளின் வீரர்கள் ஒரே திரையில் மோதிக்கொள்ளும் ஆட்டம். மேடையிலிருந்து விழுந்தவர் தோற்றவர். மதுரைப் போட்டிக்கான அணியில் ஓரிடம் மீதமிருந்தது. புதிதாக வந்து, ஒரு வாரமாக எல்லோர் ஆட்டத்தையும் கவனித்திருந்த ஜெசிந்தா அதைக் கேட்டாள்.

அணித்தலைவன் மௌலீஸ்வரன் சிரித்தான். "ஓர் அடிகூட அடிக்காமல் என்னை ஜெயித்துக் காட்டு, தருகிறேன்."

"சரி அண்ணா. மேடையை மட்டும் நான் தேர்ந்தெடுக்கட்டுமா?"

"தாராளமாக எடுத்துக்கொள் தாயே!"

பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் மரப்பாலத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். அவன் துரத்த, அவள் ஓடிப் பாலத்தின் கோடியில் அகப்பட்டாள்.

"இனி ஓட இடமில்லை அண்ணா. கடைசி அடிக்கு முன் உங்கள் வணக்கம் உண்டல்லவா? எல்லோரும் காத்திருக்கிறார்கள்."

வெல்லுமுன்பே கும்பிடு போடும் வழக்கம் அங்கே அவனுக்கு மட்டுமே உண்டு. பொத்தானை அழுத்தினான், திரையில் அவனுடைய வீரன் கைகூப்பிக் குனிந்தான். வணக்கம் முடியும்வரை வீரனால் நகர முடியாது. அதற்குள் காலடிப் பலகை கழன்றது. கூப்பிய கையோடு ஆற்றில் விழுந்தான்.

"நான் தொடவேயில்லையே, அண்ணா!"

மையமே சிரித்தது. சற்றுத் தாமதமாக மௌலீஸ்வரனும் சிரித்தான். அடுத்த சனிக்கிழமை மதுரைப் பேருந்தில் எவரும் கேட்காமலேயே ஜெசிந்தாவுக்கும் சேர்த்து அவனே பயணச்சீட்டு வாங்கினான்.