பதினொன்று புள்ளி இரண்டு

கல்லூரி திறந்த புதிதில் இயற்பியல் துறை அருஞ்சுனை சாரின் அறை வாசலில் கேள்விகளுக்குப் பஞ்சமே இருக்காது. அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத விடுவார்களா? இன்டர்னல் மார்க்கை யார் போடுவது? அரியர் விழுந்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? பத்து மார்க் கேள்விக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

அவர் எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பதில் சொல்வார். வருடா வருடம் பிள்ளைகள் மாறினார்களே தவிர கேள்விகள் மாறவில்லை. பக்கக் கணக்கு கேட்பவர்களிடம் மட்டும், "தெரிஞ்ச வரைக்கும் எழுது" என்பார். அந்தப் பதிலைக் கேட்டுத் திருப்தியாகத் திரும்பிப் போன பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

முதலாண்டு ஜெசிந்தா அந்தக் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. கடற்கரை ஊர்க்காரி, பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். மற்றவர்கள் கேட்கட்டும், நாம் ஓரமாக நின்று காதில் வாங்கிக்கொள்வோம் என்கிற சுபாவம். எல்லோரும் கேட்டு ஓய்ந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் தனியாக உள்ளே வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"டிசி வாங்கணும்னா யார்ட்ட கேக்கணும்?"

அருஞ்சுனை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆபீஸ்ல கேக்கணும். யாருக்கு டிசி?"

"எனக்குத்தான் சார். இந்தப் படிப்பு எனக்கு வரலை. சனிக்கிழமை அம்மா வந்து கூட்டிட்டுப் போறாங்க."

"எது வரலை?"

"ஊசல்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் அங்கேயே அழுதிருப்பாள்.

ஊசல் என்பது முதலாண்டுக்காரர்களுக்கு முதல் சோதனை. நூலில் ஓர் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். ஆடுகிற நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்துக் கணக்குப் போட்டால், பூமி எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று விடை வரும். ஒன்பது புள்ளி எட்டு. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிற விடைதான். லேப்பில் இருந்த மற்ற அத்தனை மேசைகளிலும் முதல் நாளே அது வந்துவிட்டது. நாலாவது மேசையில், ஜெசிந்தாவுக்கு, பதினொன்று புள்ளி இரண்டு வந்தது.

லேப் மேடம் பார்த்தார். "திரும்பச் செய்" என்றார்.

திரும்பச் செய்தாள். பதினொன்று. நூலை மாற்றினாள், நீளத்தை மறுபடி அளந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். அடுத்த வாரமும் பதினொன்று, அதற்கடுத்த வாரமும் பதினொன்று. அவளோடு ஜோடியாக இருந்தவள் வேறு கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட்டதால், பழியைப் பங்கு போடவும் ஆளில்லை. வகுப்பு லென்ஸுக்கும் முப்பட்டகத்துக்கும் போய்விட்டது. இவள் மட்டும் குண்டை ஆட்டிக்கொண்டு நின்றாள். ஊர் உலகத்தையெல்லாம் ஒரு மாதிரி இழுக்கிற பூமி தன்னை மட்டும் வேறு மாதிரி இழுக்கிறதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஹாஸ்டலில் சீனியர் ரூபாவதிதான் இரக்கப்பட்டாள். "ஏட்டி, உனக்கு யாரும் சொல்லித் தரலியா? முதல்ல விடையை எழுது. அதுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அதைப் பின்னாலருந்து கணக்குப் போட்டு எழுதிரு. நடுவுல ஒண்ணு ரெண்டு புள்ளி கூடக் குறையப் போட்டுக்கோ, அப்பத்தான் நம்புவாங்க."

ஜெசிந்தா பேனாவை எடுத்து உட்கார்ந்தாள்தான். எழுதவும் ஆரம்பித்தாள். மற்றவர்களுக்கு உண்மையிலேயே வந்தது, தனக்கு வராததால்தான் இந்தக் குறுக்கு வழி என்று நினைத்ததும் கை ஓடவில்லை. இன்றைக்கு ஊசலை மறைக்கலாம், நாளைக்கு மற்றதையெல்லாம் எங்கே கொண்டுபோய் மறைப்பது? அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். உட்காரச் சொல்ல மாட்டாரா என்றிருந்தது.

அவர் உட்காரச் சொல்லவில்லை, எழுந்தார். "எந்த மேசை?"

"நாலாவது."

"வா."

லேப்பில் யாரும் இல்லை. மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அருஞ்சுனை நாலாவது மேசையின் இழுப்பறையைத் திறந்து ஸ்டாப்வாட்சை எடுத்தார். சாவி கொடுக்கிற பழைய வாட்ச். சாவி கொடுத்து அவள் கையில் வைத்தார். தன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"நான் சொல்லும்போது அமுக்கு."

"குண்டைக் கட்டலியே சார்?"

"குண்டு வேண்டாம். அமுக்கு."

இருவரும் ஒன்றாக அமுக்கினார்கள். ஒன்றும் ஆடவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"நிறுத்து."

போனில் அறுபது விநாடி. வாட்சில் ஐம்பத்தாறு.

அவள் கேட்காமலே இன்னொரு முறை செய்தாள். அதே ஐம்பத்தாறு.

"வாட்ச் மெதுவா ஓடுது சார்."

"ஆமா."

"அப்ப நேரம் குறைச்சலாக் காட்டும், விடை கூடிப்போய்ப் பதினொண்ணுதான் வரும்."

"இந்த வாட்ச்ல வேற எதுவும் வராது."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வாரமாகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது அத்தனையும் நினைவுக்கு வந்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"வேலைக்குச் சேர்ந்த வருஷமே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். இப்போதுதான் அவளையும் உட்காரச் சொன்னார்.

"புது வாட்ச் வேணும்னு எழுதிக் கொடுத்தேன். மேலருந்து ஒருத்தர் பார்க்க வந்தார். நாலாவது மேசைப் பிள்ளைங்க ரெக்கார்டை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். ஒண்ணு விடாம ஒம்போது புள்ளி எட்டு. வாட்ச் கெட்டுப்போயிருந்தா விடை எப்படிச் சரியா வருதுன்னு கேட்டார்."

"வாட்சை ஓட்டிப் பார்க்கச் சொல்லலியா சார்?"

"சொன்னேன். ரெக்கார்டே இருக்கும்போது அது எதுக்குன்னுட்டார்."

"அதுக்கப்புறம்?"

"மறு வருஷமும் எழுதினேன். அப்பவும் அதே பதில். பிறகு சலிச்சுப்போச்சு."

"எனக்கு முன்னாடி இந்த மேசையில இருந்த யாருக்குமே பதினொண்ணு வரலியா?"

"எல்லாருக்கும் வந்திருக்கும். ஒருத்தரும் அதை எழுதி எங்கிட்டக் கொண்டுவந்ததில்லை."

ஜெசிந்தா வாட்சைப் பார்த்தாள். ரூபாவதியும் போன வருடம் இதே நாலாவது மேசையில்தான் இருந்தாளாம், அவளே சொல்லியிருக்கிறாள். நல்ல மார்க். லேப்பில் கெட்டிக்காரி என்று பெயர்.

"நாளைக்கு ரெக்கார்டு வைக்கணும் சார். பதினொண்ணுன்னு எழுதினா லேப் மேடம் மார்க் போட மாட்டாங்க. ஒம்போதுன்னு எழுத எனக்குக் கை வரலை. வாட்ச்தான் தப்புன்னு நான் எத்தனை பேர்ட்டப் போய்ச் சொல்ல? இன்னும் மூணு வருஷம் இருக்கு. இப்பவே முடியலை சார். நான் போயிடறேன்."

அருஞ்சுனை அவள் கையிலிருந்த வாட்சை வாங்கி, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். அவள் முகத்தில் இருந்த அதே களைப்பு அவர் முகத்திலும் இருந்தது. அவளுடையது மூன்று வாரத்துக் களைப்பு, அவருடையது அதைவிட ரொம்பப் பழையது.

"போறதுன்னா போம்மா. டிசி வாங்க ஆபீஸ்ல ரெண்டாவது ஜன்னல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி போனா கூட்டம் இருக்காது."

அவள் எழுந்தாள். வாசல்வரை போனாள்.

"ஜெசிந்தா."

திரும்பினாள்.

"நீயும் போயிட்டா, இந்த வாட்ச் சரியா ஓடுதுன்னு ஆயிடும்."