முதலாளியின் காரில் கட்டிய கயிறு

முத்துப்பேட்டையில் சுற்றுலாப் பயணிகளைச் சேற்றிலும் தண்ணீரிலும் ஏற்றிப்போக ஒரு எட்டுச் சக்கர வண்டி இருந்தது. தவளை என்று பெயர். கிழட்டு வண்டிதான். அதை ஓட்டிய பூரணி, சக்கரங்களைச் சுற்றி மாட்டும் பட்டைகள் தேய்ந்துவிட்டதால் புது ரப்பர் பட்டை கேட்டாள். முதலாளி மருதப்பன் இரும்புப் பட்டையோடு வந்து இறங்கினார்.

“எதிர்க் கம்பெனிக்காரன் இரும்புதான் போட்டிருக்கான். நாம என்ன குறைச்சலா?”

“அவங்களோடது புது வண்டி முதலாளி. இந்தக் கனத்துக்குத் தவளை முங்கிடும்.”

“மிதக்கும்னு நான் சொல்றேன்! ஓட்ட முடியலைன்னா சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போ.”

பூரணி இரும்புப் பட்டையை மாட்டினாள். வேடிக்கை பார்க்கக் கரையில் கூட்டம் சேர்ந்தது. அவள் ஒரு தடித்த கயிற்றைத் தவளையின் பின்பக்கம் கட்டி, மறுமுனையைக் கரையில் நின்ற முதலாளியின் புதுக் காரில் இறுக்கி முடிந்தாள்.

“ஏய், என் கார்ல எதுக்குக் கயிறு?”

“தவளை முங்கினா இழுத்துப் பிடிக்கத்தான். நீங்கதான் மிதக்கும்னு சொல்லிட்டீங்களே, காருக்கு ஒண்ணும் ஆகாது.”

பூரணி வண்டியில் ஏறி இன்ஜினை முடுக்கினாள். முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“நிறுத்து! காரும் சேர்ந்து உள்ள போயிடும்!”

“அப்ப அந்தப் பொண்ணு போனா பரவாயில்லையாண்ணே?” என்றாள் கூட்டத்திலிருந்த மீன்காரி. கரையே சிரித்தது.

பூரணி பணிவாகக் கேட்டாள்: “கயித்தைக் கழட்டவா, பட்டையைக் கழட்டவா முதலாளி?”

அவர் காரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “ரெண்டையும்” என்றார்.

தவளை இப்போது புது ரப்பர் பட்டையில் ஜோராக நீந்துகிறது. முதலாளிதான் காரைக் கரைப்பக்கமே கொண்டுவருவதில்லை.