தலைக்கு வந்த மகுடம்

அக்காதிய மொழி பேசிய பாபிலோனில் ஒரு வழக்கம். சந்திர கிரகணம் பிடித்தால் அரசன் உயிருக்கு ஆபத்தாம். அதனால் தெய்வங்களை ஏமாற்ற அரசன் வேஷம் மாறிக்கொள்ள, ஓர் ஏழையை நூறு நாள் அரியணையில் உட்காரவைத்துப் பிறகு கொன்றுவிடுவார்கள். கெட்ட சகுனம் அவனோடு தொலையுமாம். சாவதற்கு மட்டும் ஏழைக்கு முதல் மரியாதை!

அப்படி மாட்டிக்கொண்டவன் தோட்டக்காரன் உபார். அவனுக்கு மகுடம் சூட்டியவர் அரண்மனைச் சோதிடர் இலுபானி.

"இப்போ நான் நிஜ ராஜாதானே, சாமி?"

"சந்தேகம் என்னடா? உன் பேச்சை யாராவது மீறினால் தெய்வங்களுக்கு வேஷம் தெரிந்துவிடும். அப்புறம் நம் அரசர் உயிர்தான் போகும்."

உபார் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்படின்னா என் முதல் கட்டளை. நான் சாகிற அன்னிக்கு எனக்கு முன்னாடி சோதிடர் சாகணும். பாதாளத்துல ராஜாவுக்கு வழிகாட்ட ஆள் வேண்டாமா? காவலர்களே, பிடிங்க!"

குடியானவன் வேஷத்தில் ஓரமாக நின்ற உண்மை அரசன் பதறினான். "ராஜா சொன்னபடி செய்யுங்கள்!"

சோதிடர் கையை உயர்த்தித் தடுத்தார். "பொறுங்கள்! நிலவின் ஒவ்வொரு பக்கமும் ஒரு நாட்டுக்கு. மறைந்தது கீழ்ப்பக்கமா, மேல்பக்கமா? அடடா, இந்தச் சகுனம் நமக்கே இல்லை, ஏலாம் நாட்டு ராஜாவுக்கு!"

உபார் மகுடத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தான். "உங்க தலைன்னதும் நிலா எவ்வளவு தெளிவா தெரியுது, சாமி!"