ஆணியில் தொங்கிய ஆதரவு

“‘எனக்கு மட்டும் எப்பவும் வெந்நீர் ஊத்தின சாம்பார்தானா?’ தினம் இதே பாட்டு!” என்று எவர்சில்வர் கரண்டி கத்தியது. “கடைசியில நின்னா அதுதான் கிடைக்கும். வாயை மூடு, நசுங்கலு!”

முன்னொரு நாள், ஒரு விடுதிச் சமையற்கட்டில் நடந்த சண்டை இது. நசுங்கல் என்பது ஓர் அலுமினியத் தட்டு. முன்வரிசைப் பீங்கான் தட்டுகளுக்குக் காயெல்லாம் விழுந்த பிறகு, அண்டாவில் வெந்நீரைக் கொட்டிக் கலக்கித்தான் அதற்கு ஊற்றுவது வழக்கம்.

மூன்று கரண்டிகள் சேர்ந்தால் அண்டாவின் ஆட்சி எவர்சில்வரிடமிருந்து கைமாறும். தட்டு உருண்டு உருண்டு ஆள் பிடித்தது.

இரும்புக் கரண்டிகள் இரண்டு. ஒரே பட்டறையில் அடித்த அண்ணன் தம்பி. ஏதோ கொள்கைத் தகராறில் பேச்சே இல்லை. என்ன தகராறு என்று கேட்டால் கோபம் வரும், பதில் வராது. தட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்தன. மூன்றாவது, சுவர் ஆணியில் தொங்கிய ஜல்லிக்கரண்டி.

“ஆதரவு உண்டு. ஆனா ஆணியை விட்டு இறங்க மாட்டேன். சாம்பார்ல கை வெச்சா எம்மேலயும் கறை படும்.”

ஆட்சி மாறியது. முதல் நாள் பரிமாறல் கடைசியிலிருந்து தொடங்கியது. தட்டில் முருங்கைக்காய் விழுந்தது. இரண்டு துண்டு! நசுங்கிய பள்ளத்தில் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டது தட்டு.

மறுநாள் பேச்சுவார்த்தை.

“வெந்நீரே கூடாது,” என்றது அண்ணன்.

“அப்போ முன்வரிசைக்குப் பத்தாதே?” என்றது தம்பி.

“பத்தலேன்னா பத்தலே.”

“நான் விலகிடுவேன், பார்த்துக்கோங்க,” என்றது ஆணி மேலிருந்த குரல்.

இழுபறிக்குப் பிறகு மூன்றும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: வெந்நீரை முதலிலேயே கொட்டிவிடுவது. எல்லோருக்கும் ஒரே சாம்பார். அதற்குச் சமத்துவம் என்று பேர்.

“இதுக்கா நான் உருண்டேன்?” என்றது தட்டு.

“அவசரப்படாதே, தோழர்,” என்றன அண்ணனும் தம்பியும், சொல்லிவைத்தாற்போல.

பீங்கான்கள் போட்ட கூச்சலில் ஜல்லிக்கரண்டி ஆதரவை வாபஸ் வாங்கியது. உன்னால்தான் என்றது தம்பி. உன்னால்தான் என்றது அண்ணன். எவர்சில்வர் திரும்பி வந்தது. முதல் வேலையாகப் பீங்கான்களுக்குக் கெட்டிச் சாம்பாரைத் தனியே எடுத்து வைத்தது. பிறகு அதே சமத்துவச் சட்டப்படி அண்டாவில் வெந்நீரைக் கொட்டியது.

“நல்ல சட்டம்தான். நான் போட்டிருந்தா அடிக்க வந்திருப்பீங்க,” என்று சிரித்தது.

இரும்புக் கரண்டிகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தொங்கின. ஒரு பருப்புகூட இல்லாத தண்ணீரை ஏந்திக்கொண்டு தட்டு அவற்றின் கீழே போய் நின்றது. ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தது. மறுபடியும் கூப்பிட்டது.

“அண்ணே… ரெண்டு பேரும் ஒருதரம் முகத்தைப் பார்த்துக்குங்களேன்.”