குரல் வந்தால் மூட்டை சரி

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றால் பெரிய மடம் இல்லை. இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். நெடுந்தூரம் நடக்கிறவர்கள் அங்கே ஒரு இரவு தங்கி, கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போவார்கள். மடத்தில் இருந்தவளை ஊரார் நடையம்மாள் என்றார்கள். குமரியிலிருந்து இமயம் வரைக்கும் காலால் அளந்தவள். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

சிலர் கைரேகை பார்ப்பார்கள். நடையம்மாள் மூட்டை பார்ப்பாள்.

தூரதேசம் கிளம்புகிறவர்கள் அவள் முன்னால் மூட்டையை அவிழ்த்து வைப்பார்கள். ஒருமுறை ஒருவர் மூன்று குடையோடு வந்தார்.

"எதுக்கு மூணு?"

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு. அதுவும் கிழிஞ்சுட்டா இன்னொண்ணு."

"தலை எத்தனை?"

அவர் இரண்டு குடையை மடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

மூட்டையைப் பார்த்த பிறகு ஒரு சோதனை உண்டு. மடத்துக்குப் பின்னால் ஆனைப்பாறை என்று ஒரு பாறை. மூட்டையோடு அதன் உச்சிக்கு ஏறி, உட்காராமல், மூச்சு ஆறாமல், ஒரு குரல் கொடுக்க வேண்டும். கீழே கிணற்றடியில் நிற்கும் நடையம்மாளுக்கு அது கேட்க வேண்டும். மூச்சு வாங்கிக் குரல் வராவிட்டால், எதையாவது இறக்கு என்று அர்த்தம்.

"குரல் வந்தா மூட்டை சரி." அவளுடைய சாஸ்திரம் அவ்வளவுதான்.

ஆவுடை அங்கே மூட்டை பார்க்க வந்தவள் இல்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது என்று, நேர்ந்துகொண்டபடி புருஷனோடு தாமிரபரணிக் கரையிலிருந்து மலைக்கோயிலுக்கு நடந்து வந்தவள். திரும்பும் வழியில் புருஷன் கோமதிநாயகம் காய்ச்சலில் விழுந்தான். மடத்துக்குத் தூக்கி வந்த மறுநாள் போய்விட்டான். பிள்ளை மடத்தில்தான் பிறந்தது. பெண். இப்போது எட்டு மாதம்.

இந்த ஒரு வருஷமாக நடையம்மாளுக்கு இருந்த ஒரே சிஷ்யை அவள்தான். வாசல் பெருக்கினாள். வழிப்போக்கர்களுக்குக் கூழ் காய்ச்சினாள். யாராவது மூட்டையை அவிழ்த்தால் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டாள். குருவை "அக்கா" என்று கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊரில் அம்மா ஒருத்திதான் மிச்சம். வந்து கூட்டிப்போக ஆள் இல்லை. கைக்குழந்தையோடு ஒரு மாத நடை. ஆறுகளில் வெள்ளம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

வந்த வழி அவளுக்கு நினைவிருந்தது. எந்த ஊரில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அடுத்த ஊரா? அந்தா, கூப்பிடு தூரம்தான்!" நடந்தால் ஒரு காதம் இருக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் கோமதிநாயகம் வாயருகே கையைக் குவித்து, கண்ணுக்கே தெரியாத அந்த ஊரைப் பார்த்து, "ஓய்!" என்று கத்துவான். பதில் வராது.

"ஊர்ல ஒருத்தருக்கும் காது கேக்காது போல, ஆவுடை," என்பான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அவன் போன பிறகு அவள் குரலை உயர்த்தியதே இல்லை. கோழியைக்கூடக் கையை வீசித்தான் விரட்டினாள்.

மத்தியானத்தில் கூழ் குடிக்க வருகிற சடையன் அதைச் சொல்லிக் கேலி பண்ணுவான். மலைமேல் ஆடு மேய்க்கிறவன். தலை நரைத்தும் கல்யாணம் பண்ணாதவன்.

"இந்தப் பிள்ளை கோழியை விரட்டுதா, கோழிக்கு விசிறி விடுதா?"

"மெதுவாப் பேசும். பாப்பா தூங்குறா."

"மெதுவான்னா எப்படி? முப்பது வருஷமா ஆட்டோட பேசுற தொண்டை தாயி இது. அதுக்கு ஒரே அளவுதான்."

ஒருநாள் காலையில் ஆவுடை தன் மூட்டையைக் கொண்டுவந்து குருவின் முன்னால் அவிழ்த்தாள்.

அவல். வறுத்த மாவு. கருப்பட்டி. சுக்கு. மிளகு. வசம்பு. சுரைக்குடுக்கையில் தண்ணீர். பிள்ளைக்குத் துணி. தூளிக்குப் பழம்புடவை. அதோடு இரண்டு கத்தி. மூன்று சிக்கிமுக்கிக் கல். ஒரு கட்டு மூலிகை வேர். ஒரு பொட்டலம் மிளகாய்ப் பொடி. ஒரு மணி.

"மணி எதுக்கு?"

"நரி வந்தா ஆட்டலாம்லா."

"மிளகாய்ப் பொடி?"

"மனுசன் வந்தா."

"ரெண்டு கத்தி?"

"ரெண்டு மனுசன் வந்தா," என்று சொல்லிவிட்டு ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள்.

நடையம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள். வசம்பை எடுத்தாள், முகர்ந்தாள், திரும்ப உள்ளே வைத்தாள். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். அதை யாரும் கழிப்பதில்லை. அடியில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு இருந்தது. தோல் செருப்பு. தேய்ந்து, கனத்து.

"இது?"

"அவுகளோடது."

"தெரியுது. நடக்கப் போறது நீ."

"நடக்க இல்லக்கா. சத்திரத்துல படுக்கும்போது வாசல்ல போட்டு வைப்பேன். பார்க்கிறவன் உள்ள ஆம்பிளை இருக்கான்னு நினைச்சுக்கிடட்டும்."

நடையம்மாள் செருப்பைத் திருப்பி, தேய்ந்த அடியைப் பார்த்தாள்.

"நான் இதைச் சொல்லிக் குடுக்கலையே."

"இல்ல."

செருப்பை அவளே மூட்டையின் அடியில் வைத்தாள். "சரி. பாறைக்குப் போ."

ஆவுடை பிள்ளையைத் தூளியில் நெஞ்சோடு கட்டி, மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினாள். உச்சியில் நின்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

இறங்கி வந்து மணியைக் கழித்தாள். மறுநாள் வேரைக் கழித்தாள். அதற்கடுத்த நாள் ஒரு கத்தியை. ஒவ்வொரு நாளும் ஏறினாள். ஒவ்வொரு நாளும் கிணற்றடியில் நடையம்மாள் வாளியோடு நின்றாள். காற்றுதான் கேட்டது.

பன்னிரண்டாம் நாள் ஆவுடை மூட்டையே இல்லாமல் ஏறினாள். பிள்ளை மட்டும் நெஞ்சில். மூச்சு வாங்கவில்லை. குரலும் வரவில்லை.

"மூட்டை சரியில்ல," என்றாள் நடையம்மாள்.

"மூட்டையே இல்லையேக்கா."

நடையம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

ஆவுடை கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முன்பே இரண்டு தரம் கேட்ட கேள்விதான். ஒரு தரம் கேட்டபோது குரு அவளை விறகு பொறுக்கி வரச் சொன்னாள். இன்னொரு தரம் கேட்டபோது அரிசி புடைக்கச் சொன்னாள். இப்போது மறுபடி கேட்டாள்.

"நடுவழியில எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, இவ என்ன செய்வா?"

"பசிச்சா இப்ப என்ன செய்றா?"

"கத்துவா."

"பிறகென்ன?"

"யாருக்குக் கேக்கும்க்கா? நான் கத்தலையா? அவுக விழுந்த அன்னைக்கு அந்தக் கருவேலமரத்தடியில உக்காந்து தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஈ காக்கா இல்ல. ஒருத்தருக்கும் கேக்கல. நல்லவேளை, நீங்க அந்தப் பக்கமா வந்தீக."

"எனக்கு அந்தப் பக்கம் என்ன சோலி?"

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல சடையன் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தான். அவனுக்குக் கேட்டுது. அவன் அங்கேயிருந்து ஏரியில துணி துவைச்ச மருதாயியைக் கூப்பிட்டான். மருதாயி என்னைக் கூப்பிட்டா. நான் கட்டிலையும் நாலு ஆளையும் கூட்டிக்கிட்டு வந்தேன்."

சடையன் ஒரு வருஷமாகத் தினமும் கூழ் குடிக்க வருகிறவன். கோழியைப் பற்றிப் பேசியிருக்கிறான். இதைப் பேசியதில்லை.

ஆவுடைக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"கேட்டு என்ன ஆச்சு? அவுக போயிட்டாகல்லா?"

"போயிட்டாரு," என்றாள் நடையம்மாள். பிறகு தூளியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். "நீ பாதையில பிள்ளை பெறல."

கிணற்றில் ஒரு தவளை குதித்த சத்தம் கேட்டது. பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"வழி பூரா ஒரு சடையன் இருப்பானா?"

"தெரியாது."

"இல்லன்னா?"

"தெரியாது, ஆவுடை."

மறுநாள் ஆவுடை மூட்டையைக் கட்டினாள். ஒரு கத்தி. ஒரு சிக்கிமுக்கிக் கல். அவல், மாவு, கருப்பட்டி, சுக்கு, மிளகு, வசம்பு. செருப்பு. நடையம்மாள் தூக்கிப் பார்த்தாள்.

"நாளைக்குப் பார்ப்போம்," என்றாள்.

மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும். அந்த மூன்று நாளும் மூட்டையில் எதையும் எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. சாயங்காலத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அது தூங்கிய பிறகும் கீழே விடாமல் இருந்தாள். ஆவுடை பார்த்தாள்.

நாலாம் நாள் விடிந்ததும் நடையம்மாள் தானே சோறு வடித்து, புளி கலந்து, வாழை இலையில் கட்டினாள்.

"இன்னும் குரல் வரலையேக்கா," என்றாள் ஆவுடை.

"வரும்போது குடு. போ."

"போற வழியில நினைச்சுக்கிட ஒரு வார்த்தை சொல்லுங்க."

நடையம்மாள் பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள்.

"கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும்? இது நாளைக்குக் காலையில ஊசிப்போகும். இன்னைக்கே தின்னுரு."

பிள்ளையின் தலையைக்கூடத் தொடாமல் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

ஆவுடை நடந்தாள். ஏரிக்கரையில் மருதாயி துணியை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். "கிளம்பிட்டியா பிள்ளே? பிள்ளைக்கு வெயில் படாம முந்தானையைப் போடு," என்றாள். ஆவுடை போட்டாள். கரை முடிந்து மேடு ஏறியது. திரும்பிப் பார்த்தபோது மடம் தெரியவில்லை. வேப்பமரத்தின் உச்சி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. இன்னும் பத்தடி வைத்ததும் அதுவும் போயிற்று.

முன்னால் கருவேலமரம் நின்றது.

ஒரு வருஷமாக அவள் இந்த மரத்துப் பக்கம் வந்ததில்லை. அதே கல். அதே மணல். அப்பால் பாதை நீளமாக, ஆள் நடமாட்டமே இல்லாமல், வெள்ளையாகக் கிடந்தது. ஒரு மாத நடை. அவள் நின்றுவிட்டாள். கால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பிள்ளை தூளியிலிருந்து அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்தது. முகத்தைப் பார்த்து அதற்கும் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லம்மா."

சொன்னாளே தவிர, சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

அவள் மடம் இருந்த பக்கமாகத் திரும்பினாள். வாயருகே கையைக் குவித்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவளுக்கே பயமாக இருக்கும்படி ஒரு குரல்:

"அக்கா! ஊருக்கு எம்புட்டுத் தூரம்?"

பிள்ளை திடுக்கிட்டு அழ மறந்தது.

பதில் இல்லை. காற்று மணலை ஒருமுறை நகர்த்தியது. அவள் காத்திருந்தாள். மேட்டைத் தாண்டி யாருக்குக் கேட்கும்? முதுகில் மூட்டை கனக்கவில்லை. தொண்டைதான் எரிந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தெற்கே பார்த்துத் திரும்பினாள்.

அப்போது தலைக்கு மேலே, எங்கேயோ மலைச்சரிவிலிருந்து, மெதுவாகப் பேசத் தெரியாத ஒரு தொண்டை கத்தியது:

"ஆவுடை! கூப்பிடு தூரம்தானாம்!"