ஆறு குவியலும் காடையின் நாலு மரக்காலும்

கை முருங்கைக்கீரை உருவட்டும், காது மட்டும் இங்கே இருக்கட்டும். மிருகங்கள் நாடாண்ட காலத்தில் ஒரு யானை ராசா இருந்தார்.

அவர் காட்டில் பன்றியும் மயிலும் காடையும் கூட்டாகத் தினை விளைத்தார்கள். குவியலில் பாதி பன்றிக்கு. மூன்றில் ஒரு பங்கு மயிலுக்கு. மீதி காடைக்கு. காடை தன் பங்கை மட்டும் அளந்து பார்த்தாள், நாலு மரக்கால். மழைக்காலம் முழுக்க அவள் குஞ்சுகளுக்கு அதுதான் சோறு.

வெள்ளம் வந்து மூவர் பங்கையும் வாரிக்கொண்டு போனது. "போன குவியல் எவ்வளவோ, அவ்வளவும் தருகிறேன்" என்றார் ராசா. கணக்குப் போட ஆந்தையார் வந்தார்.

"அரை, மூன்றிலொன்று என்று உடைந்த கணக்கு எனக்கு ஆகாது. அதே அளவில் ஆறு குவியல் இருந்ததாக வைப்போம். பாதி, மூன்று குவியல் பன்றிக்கு. மூன்றிலொன்று, இரண்டு குவியல் மயிலுக்கு. மிச்சம் ஒரு குவியல் காடைக்கு. காடை பங்கு நாலு மரக்கால். ஆக, ஒரு குவியல் நாலு மரக்கால். வெள்ளத்தில் போனதும் ஒரு குவியல்தானே."

பன்றி தலையாட்டியது. மயில் தலையாட்டியது. ராசாவும் தலையாட்டினார்.

நாலு மரக்கால் கொட்டிப் பங்கு வைத்தார்கள். காடைக்கு ஒரு மரக்கால்கூடத் தேறவில்லை.

சபையில் வாய் திறந்து பழகாதவள்தான். ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு.

"என் பங்கே நாலு. மொத்தமும் நாலுன்னா, இவங்க ரெண்டு பேரும் காத்தையா பங்கு வச்சாங்க?"

"கணக்கு உனக்குப் புரியாதும்மா" என்றார் ஆந்தையார்.

"புரியுதுங்க. ஒரு குவியலை ஆறு மடங்காக்கினீங்க. பன்றி அண்ணனுக்கு அரை மூணாச்சு. மயிலுக்கு மூணுல ஒண்ணு ரெண்டாச்சு. என் நாலு மட்டும் ஏன் நாலாவே நிக்குது? ஆறு குவியல்ல என் பங்கு ஆறு மடங்கு, இருபத்துநாலு. அந்த மிச்சக் குவியல் இருபத்துநாலு மரக்கால்."

பன்றி பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் பன்னிரண்டு வரணும் அண்ணே. ரெண்டை வாங்கிட்டுத் தலையாட்டுறீங்க."

பன்றி மெல்லுவதை நிறுத்தியது.

"நாலு உடையாத எண்தானே, அதை எதுக்குத் தொடணும்னு விட்டேன்" என்று முனகினார் ஆந்தையார்.

"நீங்க தொடாம விட்டது என் புள்ளைங்க வயித்தை."

ராசா இருபத்துநாலு மரக்கால் கொட்டச் சொன்னார். பன்றிக்குப் பன்னிரண்டு, மயிலுக்கு எட்டு. மிச்சத்தை அவரே அளந்தார். சரியாக நாலு.

கணக்கில் பெருக்கினால் எல்லோர் பங்கையும் ஒன்றுபோலப் பெருக்க வேண்டும். ஒருத்தியை விட்டுவிட்டால் அது கணக்கு இல்லை, அநியாயம்.